மதகுக்காரன் வீட்டின் ஏழாவது கதவு

மழையோடு மழையாகத்தான் படங்கள் வந்து இறங்கின. அச்சகத்து வண்டிக்காரர் நான்கு கட்டுகளையும் பிளாஸ்டிக் தாளில் சுற்றி, மாடிப்படியின் மூன்று திருப்பமும் சுமந்து ஏறி, கதவுக்கு வெளியே தொப்பென்று போட்டார்.

"கையெழுத்துப் போடுங்கம்மா, வண்டி நடுரோட்டுல நிக்குது."

"கட்டு நனைஞ்சிருந்தா திருப்பி எடுத்துட்டுப் போகணும், சொல்லிட்டேன்" என்று உள்ளேயிருந்து நாத்தனார் குரல் கொடுத்தாள்.

"நனைஞ்சது நான்தாம்மா. என்னைத் திருப்பி எடுத்துக்கத்தான் ஆளில்ல" என்று சொல்லிக்கொண்டே அவர் இறங்கிப் போனார்.

படக்காரி கட்டுகளை உள்ளே இழுத்துப் போட்டாள். அந்தப் பெயர் நாத்தனார் வைத்தது. நில அளவை அலுவலகத்தில் இருபத்திரண்டு வருஷமாக மனைகளுக்கும் வாய்க்கால்களுக்கும் கோடு போடுகிறவளுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? அவள் கணவருக்கு மாஸ்டர் என்று பெயர். அது ஆட்டக்காரர்கள் வைத்தது. ஒருமுறை கீழ்வீட்டுக்காரர் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டு, இரண்டு பேன்ட்டை எடுத்துக்கொண்டு சுருக்கித் தரச்சொல்லி வந்து நின்றார். நான் அந்த மாஸ்டர் இல்லை என்று சொல்லி அனுப்ப அரைமணி நேரம் ஆனது. அப்படியானால் எந்த மாஸ்டர் என்று அவர் கேட்டுவிட்டதுதான் காரணம்.

சொல்வது கஷ்டம்தான். நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்காருவார்கள். ஆளுக்கொரு வேஷம்: ஒருத்தி திருடி, ஒருவர் வைத்தியர், ஒருவர் பழைய சிப்பாய். வேஷம் முகத்தில் இல்லை, வாயில்தான். "நான் அந்தக் கதவைத் தள்றேன்" என்று ஒருவர் சொன்னால், பகடையை உருட்டச்சொல்லி, கதவு திறந்ததா, உள்ளே என்ன நின்றது என்று மாஸ்டர் சொல்லுவார். அப்படி ஒரு கதையை, வேறு மேசைகளில் வேறு மாஸ்டர்களும் நடத்துவதற்குத் தோதாகப் புத்தகமாக எழுதிவிடலாம். இவர் எழுதியது 'மதகுக்காரன் வீடு'. வெள்ளம் வந்த அன்று மதகைத் திறக்காமல் காணாமல்போன ஒரு காவல்காரனைத் தேடி, அவன் வீட்டுக்குள் நுழைகிறவர்களின் கதை. வீட்டில் ஏழு ரகசியக் கதவுகள். ஆறு கதவைத் தட்டித் தடவிக் கண்டுபிடித்துவிடலாம். ஏழாவது அடுப்புக்குப் பின்னால். அதைத் தேடினால் கிடைக்காது. யாராவது ஒருவர் அங்கே நின்று, உள்ளே இருக்கிறாயா என்று கேட்டால்தான் காவல்காரன் சுவருக்குள்ளிருந்து பதில் சொல்லுவான். ஞாயிற்றுக்கிழமை மேசையில் எட்டுத் தடவை ஆடிப் பார்த்தார்கள். ஒருவர் வாயிலிருந்தும் அந்தக் கேள்வி வரவில்லை.

"எல்லாரும் சாவியத் தேடறாங்க. ஆளைத் தேடித்தான் வந்தோம்ங்கறதையே மறந்துடறாங்க" என்று மாஸ்டர் சிரிப்பார். அவருக்கு அதில் ஒரு பெருமை.

புத்தகத்தோடு இரண்டு படம். இரண்டும் அந்த வீட்டின் படம்தான், படக்காரி வரைந்தது. ஒன்று மாஸ்டர் கையில் மறைத்து வைத்துக்கொள்வது. அதில் ஏழு கதவும் சிவப்புப் புள்ளிக்கோட்டில் இருக்கும். மற்றது ஆடுகிறவர்கள் நடுமேசையில் விரித்து வைத்துக்கொள்வது. அதில் அந்த ஏழு இடத்திலும் வெறும் சுவர்தான் இருக்க வேண்டும்.

இதையெல்லாம் அச்சிடப் பணம் ஏது? இணையத்தில் ஒரு பக்கம் திறந்து, இப்படி ஒரு ஆட்டப் புத்தகம் போடப்போகிறோம், வேண்டுமென்கிறவர்கள் முன்பணம் போடுங்கள் என்று கேட்டார்கள். ஊர் பேர் தெரியாத நானூற்றுப் பன்னிரண்டு பேர் போட்டார்கள். எட்டு மாதத்தில் புத்தகம் கையில் இருக்கும் என்று அந்தப் பக்கத்தில் எழுதியாயிற்று. அது நடந்து இரண்டு வருஷம் ஆகிறது. அந்த இரண்டு வருஷத்தையும் மாஸ்டரின் கண் தின்றுவிட்டது. முதலில் ஓரங்கள் போயின, பிறகு நடுவும் போனது. இப்போது அவருக்குச் சன்னல் எங்கே இருக்கிறது என்று தெரியும், சன்னலில் நிற்பது யார் என்று தெரியாது. கடைசி இரண்டு அத்தியாயங்களை அவர் சொல்லச் சொல்ல அவள்தான் தட்டினாள்.

"வந்துடுச்சா?" மாஸ்டர் பின்னறையிலிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். "முதல்ல ஆடறவங்க படத்தப் பிரி. எப்படி வந்திருக்கு?"

அவள் மேல் தாளை உருவி விரித்தாள். காகிதம் நன்றாக இருந்தது. கோடு நன்றாக இருந்தது. கூடம், மாடிப்படி, பத்தாயம், அடுப்படி. சுவரெல்லாம் பொடிப்பொடிக் குறுக்குக்கோடு, அவள் கை ஓடியது அப்படியே பதிந்திருந்தது. அந்தச் சுவர்களின் நடுவே சிவப்பாகப் புள்ளிப்புள்ளியாக ஏழு கதவுகள்.

அவள் அடுத்த தாளை எடுத்தாள். அதற்கடுத்ததையும். இரண்டாவது கட்டைக் கத்தரியால் கிழித்தாள்.

"என்ன சத்தத்தையே காணோம்? கோடு மங்கிடுச்சா?"

"இல்லீங்க."

"பின்ன?"

"நல்லா வந்திருக்கு" என்றாள். "ரொம்ப நல்லா வந்திருக்கு."

மாஸ்டரின் முகம் மலர்ந்ததை நாத்தனாரும் பார்த்தாள். தம்பி மனைவியின் முகம் செத்துப்போனதையும் பார்த்தாள். ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் முப்பது வருஷம் விரிப்புகளுக்கு இஸ்திரி போட்டு ஓய்வுபெற்றவள் அவள். கறையை எட்டி நின்றே கண்டுபிடிப்பாள். அதைப் பற்றி எதுவும் கேட்காமல், "டேய், ஈரக்காத்துல நிக்காத, உள்ள போ" என்று தம்பியைத் திருப்பி அனுப்பினாள்.

மறுநாள் மதிய இடைவேளையில் படக்காரி அச்சகத்துக்குப் போனாள். அச்சகக்காரர் சாப்பாட்டுப் பெட்டியை மூடிவிட்டு, கை கழுவப் போகாமலே அவள் நீட்டிய தாளைப் பார்த்தார். பிறகு மேசை இழுப்பறையிலிருந்து, அச்சுக்கு முன் சரிபார்க்கக் கொடுக்கும் புரூஃப் தாளை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். அதிலும் ஏழு சிவப்புக் கதவு இருந்தது. கீழே, சரி என்று எழுதிக் கையெழுத்து.

"இது யாரோட கையெழுத்தும்மா?"

"என்னோடதுதான்."

"மூணு நாள் வச்சிருந்து பாத்தீங்க."

"ஆமா."

"ஒரு இடத்துல கோடு கால் மில்லிமீட்டர் விட்டுப்போச்சுன்னு போன் பண்ணீங்க. அதைச் சரி பண்ணேன். ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"கால் மில்லிமீட்டர் தெரிஞ்ச கண்ணுக்கு, ஏழு எடத்துல செவப்பா நின்னது எப்படிம்மா தெரியாமப் போச்சு?"

அதைத்தான் அவளும் விடிந்ததிலிருந்து தன்னையே கேட்டுக்கொண்டிருந்தாள். கம்ப்யூட்டரில் கதவுகள் மட்டும் தனி அடுக்கு. மாஸ்டர் படத்துக்கு அதை வைத்துக்கொள்ள வேண்டும், ஆடுகிறவர்கள் படத்துக்கு மறைத்துவிட வேண்டும். மறைக்காமல் அனுப்பியது ஒரு நொடிச் சறுக்கல். ஆனால் மூன்று நாள் பார்த்தாளே? பார்த்தாள். சுவர் பார்த்தாள், எழுத்துப் பார்த்தாள், எண் பார்த்தாள். இரண்டு வருஷமாக அந்த வீட்டிலேயே குடியிருந்தவளுக்கு அதன் கதவுகள் இருக்கிற இடத்தில் இருந்தன, அவ்வளவுதான். கதவில்லாத வீடுதான் அவள் கண்ணுக்குத் தப்பாகப் பட்டிருக்கும்.

"திரும்ப அடிச்சா?" என்று கேட்டாள்.

அவர் ஒரு தொகை சொன்னார். அவள் எழுந்துவிட்டாள்.

"உக்காருங்கம்மா. கோவத்துல சொல்லல. காகிதம் விக்கிற வெலை அப்படி." அவர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "இதே காகிதம் வெட்டுமிச்சம் கெடக்கு. கதவு இருக்கிற ஏழு எடத்துக்கும் வெறும் சுவர் மாதிரி சின்னத் துண்டு வரைஞ்சு அனுப்புங்க. வேற ஒருத்தர் வேலையோட ஓரத்துல சேத்து அடிச்சுத் தர்றேன். மெஷின்ல வெட்டியும் தர்றேன். ஒட்டறது உங்க பாடு."

"தெரியாதா?"

"பாக்கறவங்களுக்குத் தெரியாது. நான் இருக்கேன்ல, பழைய பத்திரமெல்லாம் ஒட்டிக் குடுத்த கை" என்றவர், ஒரு டப்பா பைண்டிங் பசையையும் பிரஷ்ஷையும் அவள் பைக்குள் வைத்தார். "சாரு என்ன சொல்றாரு?"

"அவருக்குத் தெரியாது."

அச்சகக்காரர் கை கழுவப் போனார்.

சேதத்துக்குக் கூடுதலாக அடித்ததையும் சேர்த்து நானூற்றைம்பது படம், படத்துக்கு ஏழு துண்டு. துண்டுகள் வெட்டி வந்ததும் அலுவலகத்தில் நான்கு நாள் விடுப்புச் சொன்னாள். சமையலறை மேசையிலிருந்து ரொட்டி டப்பா, உப்பு, மருந்துச் சீட்டு எல்லாம் அலமாரி மேல் ஏறின. நகத்தளவு துண்டு. பிரஷ்ஷின் நுனியில் பசை, துண்டின் முதுகில் ஒரு தடவல், கோட்டோடு கோடு சேர்த்துப் பொருத்தி, விரல் நுனியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒரு தள்ளல். பசை மிஞ்சினால் பளபளக்கும், குறைந்தால் ஓரம் கிளம்பும். எதிரே நாத்தனார் மெல்லிய துணியைப் போட்டு, இஸ்திரிப்பெட்டியை இளஞ்சூட்டில் வைத்து ஒவ்வொன்றாக அழுத்தினாள். வெளியே மழை விடவில்லை. காயப்போட்ட துணி மூன்று நாளாகக் காயாமல் வீடே ஈரவாடை அடித்தது. மதியம் சோறும் வேகவைத்த முட்டையும். அதையும் ஒருவர் மாற்றி ஒருவர் நின்றுகொண்டே சாப்பிட்டார்கள்.

"எனக்கு ஒண்ணு புரியல" என்றாள் நாத்தனார் தாழ்ந்த குரலில். "இல்லாத வீட்டுல இருக்கிற இல்லாத கதவ, இல்லாத ஆளுங்க பாத்துடக்கூடாதுன்னு இருக்கிற ரெண்டு பொம்பளைங்க இடுப்பொடியறோம். சரிதானா?"

"சரிதான் அண்ணி."

"நான் பாத்த வேலையே பரவால்லபோலருக்கே. அங்கயாவது படுக்கிறவன் நெஜம்."

"மெதுவா. கேக்கப்போகுது."

"கேக்கட்டுமே. சொல்லிடேன்டி அவன்கிட்ட. என்ன, தலையவா எடுத்துடுவான்?"

"திரும்ப அடின்னு சொல்லுவாரு அண்ணி. தப்போட போகக்கூடாதும்பாரு. இல்லாத காசுக்கு அலைவாரு. அதவிட..." படக்காரி ஒரு துண்டை எடுத்து அடுப்படிச் சுவரில் பொருத்தினாள். "அவரு கண்ணால பாத்து முடிச்ச கடைசி வேலை இந்த வீடுதான். கோடு பாத்து, 'இங்க ஒரு படி கூட்டு, அங்க சன்னல் வேண்டாம்'னு உக்காந்து சொன்னாரு. அதுல நானே கைய வச்சுட்டேன்னு எந்த வாயால சொல்றது?"

நாத்தனார் பெட்டியைத் தூக்கி நிறுத்தினாள். "நல்ல வாயிதான் உனக்கு. நல்லாருக்கு நல்லாருக்குன்னு பொய் சொல்ல மட்டும் நல்லாத் தொறக்குது."

பின்னறையிலிருந்து குரல் வந்தது. "என்ன அக்கா, இஸ்திரி வாசனை?"

"உன் படம் ஈரம் இழுத்துருக்குடா. மடிக்கறதுக்கு முன்னாடி சூடு காட்டறோம்."

"பாத்து. என் மதகுக்காரன் வீட்டக் கொளுத்திடாத."

"உன் வீட்ல அடுப்பாவது எரியுதே, இங்க அதுவும் இல்ல" என்று சொல்லிவிட்டு நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அது ஆவியால் இருக்கலாம்.

சாயங்காலம் தேநீர் நேரத்தில் மாஸ்டர் மேசைக்கு வருவார். அதற்குள் எல்லாவற்றையும் துணி போட்டு மூடிவிடுவார்கள். முன்பணம் போட்டவர்கள் இணையப் பக்கத்தில் எழுதுகிற கமென்ட்டுகளை அவள் படித்துக் காட்ட வேண்டும். இரண்டு வருஷமாக அது ஒரு வழக்கம். போனிலேயே எழுத்தை வாசித்துக் காட்டும் குரல் ஒன்று உண்டு. நாத்தனார்தான் கண் ஆஸ்பத்திரியில் கேட்டு வந்து அவருக்குப் போட்டுக் கொடுத்தாள். இரண்டு வரி கேட்டுவிட்டு மாஸ்டர் அதற்கு மூக்குக்காரி என்று பெயர் வைத்தார். "அவ மூக்கால பேசறா. கல்யாணமும் ஒண்ணு, சாவும் ஒண்ணு அவளுக்கு. நீ படி" என்றார்.

"இன்னிக்கு யாரு?"

படக்காரி போனைப் பார்த்தாள். காக்கை என்று பெயர் வைத்துக்கொண்ட ஒருவர் எழுதியிருந்தார்: பணம் தின்ன வாய்க்குப் பதில் சொல்லத் தெரியாதா?

"காக்கைன்னு ஒருத்தர். ஆவலாக் காத்துட்டு இருக்கேன், எப்ப வரும்னு கேக்கறாரு."

"பாவம். எழுது, இந்த வாரம் கிளம்பிடும்னு. அப்புறம் ஒண்ணு. என் கண்ணைப் பத்தி மட்டும்..."

"எழுத மாட்டேன். எத்தன தடவ சொல்வீங்க?"

"கண்ணு போனவன் எழுதினதுன்னு பாவப்பட்டு ஒருத்தன் ஆடக்கூடாது. ஆட்டம் நல்லாருந்தா ஆடட்டும். இல்லன்னா தூக்கிப் போடட்டும்."

"சரிங்க."

நாத்தனார் தேநீரை ஊதிக்கொண்டே தம்பி மனைவியின் முகத்தைப் பார்த்தாள். அந்தக் கறையையும் அவள் பார்த்துவிட்டாள்போலத் தோன்றியது.

நான்காம் நாள் ஒட்டி முடித்தார்கள். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. சன்னலோரம் சாய்த்துப் பிடித்தும் தெரியவில்லை. படக்காரிக்கே ஏழாவது துண்டைத் தேட வேண்டியிருந்தது. அப்போதுதான் கையெழுத்து ஞாபகம் வந்தது.

முன்பணம் கேட்டபோது அந்தப் பக்கத்தில் மாஸ்டரே எழுதிய வாக்கு அது: ஒவ்வொரு படத்தின் மூலையிலும் என் கையெழுத்து இருக்கும்.

அவர் விரல் ஒட்டில் படாமலிருக்க, யோசித்துப் பார்த்து, ஒரு பெரிய அட்டையை வெட்டினாள். படம் முழுவதையும் மூடும்படி வைத்து, மூலையில் மட்டும் கையெழுத்தளவு ஒரு சதுர ஓட்டை. அட்டையின் ஓரத்தைத் தடவி ஓட்டையைக் கண்டுபிடித்து அவர் பேனாவை ஓட்டலாம். கண் தெரியாதவர் கோணாமல் கையெழுத்துப் போட ஏற்பாடு என்று யாருக்கும் தோன்றும்.

"அட, இது நல்லாருக்கே" என்றார் மாஸ்டர். சட்டையை மாற்றிக்கொண்டு, தலையைக் கூட வாரிக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தார். படக்காரி தாளை வைத்து அட்டையைப் போடுவாள். அவர் கையெழுத்திடுவார். நாத்தனார் உருவி மடித்து உறைக்குள் வைப்பாள். நாற்பது தாள் வரை எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. மாஸ்டர் பழைய ஆட்டக் கதை ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தார். திருடி வேஷம் கட்டுகிற பல் டாக்டர் எட்டுத் தடவையும் அந்த அடுப்படியில் எதைத் திருடினார் என்ற கதை.

"ஒரு தடவ கரண்டிய எடுத்தாரு. ஏன் சார் கரண்டின்னா, வெள்ளிக் கரண்டியா இருக்கலாம்ங்கறாரு. பகடைய உருட்டுங்கன்னேன். தகரம்னு வந்துச்சு. ஆனா அந்த மனுஷன், அடுப்புக்கு நேரா நின்னுக்கிட்டு..." மாஸ்டர் நிறுத்தினார். "இந்த அட்டை ஏன் இவ்ளோ பெருசு? சரியாவே உக்கார மாட்டேங்குது, ஈரத்துல நெளிஞ்சுபோச்சு."

"இருங்க, நான் புடிச்சுக்கறேன்."

"வேண்டாம். மூலை எனக்கே தெரியும்." அட்டையை எடுத்து ஓரமாக வைத்தார். இடக்கையால் படத்தை நீவினார், தாளை நேராக்குகிற நீவல்தான் அது. கை பாதியில் நின்றது.

"இது என்ன மேடு?"



அவர் பேனாவைக் கீழே வைத்தார். இரண்டு கைகளாலும் தாளின் நான்கு முனைகளைத் தொட்டு, எது மேல் எது கீழ் என்று வைத்துக்கொண்டார். பிறகு ஆள்காட்டி விரல் வாசலிலிருந்து உள்ளே நடந்தது.

"கூடம். வலப்பக்கச் சுவர்." விரல் நின்றது. "ஒண்ணு."

"என்னங்க..."

"மாடிப்படிக்கு அடியில. ரெண்டு. பத்தாயத்துக்குப் பின்னால, மூணு. மேல, காவல்காரன் படுக்கிற ரூம், சன்னலுக்கு எதுத்தாப்பல. நாலு." அவர் குரலில் கோபம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மேசையில் கதை நடத்துகிற அதே குரல். "கெணத்துச் சுவர். அஞ்சு. பரண். ஆறு." விரல் மெல்ல மெல்லப் பின்கட்டுக்கு வந்தது. அடுப்படியின் சுவரில் அது ஊர்ந்தபோது படக்காரி கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஏழு" என்றார்.

மழை சன்னல் தகரத்தில் அடித்தது.

"எல்லாப் படத்துலயும் கதவு விழுந்துடுச்சு, இல்ல?"

"ஆமாங்க."

"யாரு?"

"நான்தான். புரூஃபும் நான்தான் பாத்தேன்."

"எப்ப தெரியும்?"

"வந்த அன்னிக்கே."

"நல்லா வந்திருக்குன்ன."

"ஒட்டிட்டேங்க. பாக்கறவங்களுக்குத் தெரியாது. சத்தியமாத் தெரியாது."

"பாக்கறவனுக்குத் தெரியாது." அவர் தலையாட்டினார். "எனக்குத்தான் தெரிஞ்சுது."

நாத்தனார் இடையில் புகுந்தாள். "டேய், அவ நாலு நாளா முதுகொடிய..."

"இரு அக்கா. போன மாசம் வந்த புத்தகத்து அட்டை என்ன நிறம்?"

"நீலம்" என்றாள் படக்காரி.

"நான் கேட்ட நீலமா?"

"நீங்க கேட்ட நீலந்தாங்க. நம்புங்க."

"நம்பாம? இனிமே நீ சொல்றதுதான எனக்கு நீலம்." அவர் எழுந்தார். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. "கமென்ட்? ஆவலாக் காத்துட்டு இருக்கேன், ஆவலாக் காத்துட்டு இருக்கேன்னு ரெண்டு வருஷமா ஒருத்தன் கூடவா திட்டல? நானும் யோசிச்சேன். எவ்வளவு நல்ல ஜனங்கன்னு."

 அவள் சொல்ல இருந்த எதுவும் இந்த நேரத்தில் இன்னொரு பொய்போலத்தான் கேட்கும்.

மாஸ்டர் சுவரைப் பிடித்துக்கொண்டு பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்தினார்.

ஒரு மணி நேரம் போனது. இரண்டு பெண்களும் மேசைக்கு எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்தார்கள். சோறு ஆறிப்போனது. படக்காரி எழுந்து அந்தக் கதவு வரை போனாள். கையைத் தூக்கினாள். தட்டாமல் திரும்பி வந்தாள். மறுபடி போனாள். மறுபடி வந்தாள்.

"என்னடி நடைபயணம் இது?" என்று நாத்தனார் எழுந்து, கதவை உள்ளங்கையால் பட்பட்டென்று அடித்தாள். "டேய்! உள்ள இருக்கியா?"



"இருக்கேன்" என்று பதில் வந்தது. பிறகு சிரிப்பா இருமலா என்று சொல்ல முடியாத ஒரு சத்தம். எட்டுத் தடவை ஆடியும் யாரும் கேட்காத கேள்வி அது. அந்த ஆட்டத்தை ஒருநாளும் ஆடாத அக்காதான் கேட்டாள்.

கதவு திறந்தது. மாஸ்டர் கையில் போன் இருந்தது.

"அக்கா, அந்த மூக்குக்காரிய எப்படிப் பேச வைக்கிறது?"

நாத்தனார் தம்பி மனைவியைப் பார்த்தாள். படக்காரி தரையைப் பார்த்தாள்.

"அவளே படிப்பாடா. இப்ப உள்ளது உள்ளபடி படிப்பா. இல்லடி?"

"வேண்டாம். எனக்குக் கல்யாணமும் சாவும் ஒண்ணா இருக்கிறவதான் இப்ப வேணும்."

அதைவிட ஒரு அடி அடித்திருக்கலாம் என்று படக்காரிக்குத் தோன்றியது. நாத்தனார் போனை வாங்கி, அந்தப் பக்கத்தைத் திறந்து, முதலிலிருந்து வரும்படி வைத்து மேசைமேல் வைத்தாள். மாஸ்டர் விழுந்த நாற்காலியைக் காலால் தேடி நிமிர்த்தி உட்கார்ந்தார். எதிரே அந்தப் படம் விரித்தபடியே கிடந்தது.

மூக்குக்காரி பேசினாள். தேதி சொன்னாள், பெயர் சொன்னாள், முற்றுப்புள்ளிக்கு ஒரு மூச்சு விட்டாள். முதல் எட்டு மாதம் எல்லாரும் நல்லவர்கள். ஒன்பதாம் மாதம் ஒருவர், என்ன ஆயிற்று என்று கேட்டிருந்தார். பத்தாம் மாதம் நான்கு பேர். பிறகு காக்கை வந்தார்.

"காக்கை. கதைக்காரர் பணத்தை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டாரா. உண்மையைச் சொல்லவும்."



"படம் வரைபவர். பதில். ஐயா வணக்கம். தாமதத்துக்குக் காரணம் அவர் இல்லை. அவர் எழுதி முடித்துவிட்டார். எனக்குத்தான் உடல்நிலை சரியில்லை. படம் என்னால்தான் நிற்கிறது. அவரை எதுவும் சொல்ல வேண்டாம்."

படக்காரி எழுந்து போனைப் பிடுங்கப் போனாள். நாத்தனார் அவள் மணிக்கட்டைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"காக்கை. எத்தனை மாதமாக உடல்நிலை. படம் வரையக்கூட வக்கில்லாத ஆளை ஏன் சேர்த்துக்கொண்டார்."

"படம் வரைபவர். பதில். நீங்கள் கோபப்படுவது நியாயம். தப்பு என்மேல்தான். இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்."

அப்படியே போயிற்று. மாதம் மாதமாக, வேறு வேறு பெயர்களில். இன்னுமா அவளுக்குச் சரியாகவில்லை என்று ஒருவர். வேறு ஆளைப் போடுங்கள் என்று ஒருவர். அந்த அம்மா உயிரோடுதான் இருக்கிறாரா என்று காக்கை. உயிரோடுதான் இருக்கிறேன் ஐயா, தப்பு என்மேல்தான், என்று பதில். மூக்குக்காரிக்கு எல்லாம் ஒன்றுதான். வசவையும் மன்னிப்பையும் ஒரே ஏற்ற இறக்கத்தில், பலசரக்குச் சீட்டு வாசிக்கிற மாதிரி வாசித்துக்கொண்டு போனாள். அவள் அழவில்லை, குரல் தழையவில்லை, ஒரு சொல்லையும் விடவில்லை.

"உனக்கு என்னடி உடம்பு?" என்று நாத்தனார் மெதுவாகக் கேட்டாள்.

"ஒண்ணும் இல்ல அண்ணி. அவரு கண்ணைப் பத்தி எழுதக்கூடாதுன்னாரே. வேற என்ன எழுதறது?"

பிடித்த மணிக்கட்டை நாத்தனார் இன்னும் விடவில்லை. 

மாஸ்டர் போனை நிறுத்தச் சொல்லவில்லை. அவர் முகம் சன்னல் இருக்கும் பக்கம் திரும்பியிருந்தது. கை மட்டும் படத்தின் மேல் இருந்தது. வாசலிலிருந்து கூடம், கூடத்திலிருந்து பின்கட்டு, பின்கட்டிலிருந்து அடுப்படி. அங்கே ஏழாவது துண்டின் ஒரு ஓரம் ஈரத்தில் லேசாகக் கிளம்பியிருந்தது. அவர் நகம் அந்த ஓரத்தில் போய் நின்றது. இழுத்தால் வந்துவிடும். படக்காரி அந்த நகத்தையே பார்த்தாள்.

"காக்கை" என்றாள் மூக்குக்காரி. "பணம் தின்ன வாய்க்குப் பதில் சொல்லத் தெரியாதா."

மாஸ்டர் விரலைத் திருப்பினார். கிளம்பிய ஓரத்தை நுனிவிரலால் அழுத்தி, நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒரு தள்ளுத் தள்ளி, எடுக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டார்.

"படம் வரைபவர். பதில்."

"பசை எங்க?" என்று கேட்டார் மாஸ்டர். "இப்படித் தள்ளு."